கையால் எழுதிய வழி

ஜூலை 3, திங்கள்

நான்கு நாளாக விடாத மழை. கொடியில் போட்ட துணி காயவில்லை. அத்தையைப் பொறுத்தவரை துணி காயாதது என் குற்றம், மழை பெய்வதும் ஏறக்குறைய என் குற்றம்.

இன்று முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். "ஏங்கண்ணு, அந்த ஆபீஸ்ல நீ என்னதான் செய்யற? தெனமும் ஒரு டப்பாவ மொறச்சுப் பாத்துட்டு உக்காந்திருக்கறதுக்கா கூப்புட்டு வச்சிருக்காங்க?"

பதினோரு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன். இன்றுதான் கேட்டார். எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு இணையம் கொடுக்கிறோம், அதற்கு இரண்டு வழி இருக்கிறது என்றேன். ஒன்று மலைப்பாதைக் கம்பங்களில் போகும் ஃபைபர். இன்னொன்று டவர் விட்டு டவர் தாவிப் போவது. ஒவ்வொரு முனையிலும் ரவுட்டர் என்று ஒரு டப்பா. அது பத்து நொடிக்கு ஒருமுறை பக்கத்து டப்பாவிடம் 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று சொல்லும். கூடவே தனக்குத் தெரிந்த வழிகளையும், ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம், எவ்வளவு சிரமம் என்பதையும் சொல்லும். எல்லா டப்பாவும் அதைக் கூட்டிப் பார்த்து, சிரமம் குறைந்த வழியில் அனுப்பும். நாற்பது நொடி பேச்சு வராவிட்டால் அந்த வழி செத்துவிட்டது என்று முடிவு செய்து, மறுபடி கணக்குப் போட்டு அடுத்த வழிக்கு மாறிக்கொள்ளும்.

"யாரும் சொல்லாமயேவா?"

"யாரும் சொல்லாமயே."

"அப்பறம் நீ எதுக்கு?"

நல்ல கேள்வி. "அதுக கணக்கு எனக்குப் புடிக்கலைன்னா, இந்த வழியாத்தான் போகோணும்னு நானே ஒரு வரி எழுதி வச்சுருவனுங்க. அதுக்கப்பறம் அக்கம்பக்கம் என்ன சொன்னாலும் டப்பா கேக்காது. மனுசன் கையால எழுதினதத்தான் மொதல்ல நம்பும்."

"எனக்கு அந்த மாதிரி ஒரு மருமக வாய்க்கலையே" என்றார் அத்தை. இதைக் கேட்டு என் வீட்டுக்காரர் மயில்சாமி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கீரைக் குழம்பு இறங்கவில்லை எனக்கு.

ஜூலை 5, புதன்

வால்பாறை எஸ்டேட் ஆஸ்பத்திரியிலிருந்து புகார். கோயமுத்தூர் இருதய டாக்டரோடு வீடியோவில் பேசும்போது நடுவில் நின்றுவிடுகிறதாம். அங்கே பெரிய டாக்டர் இல்லை. நெஞ்சு வலி என்று யாராவது வந்தால் ஈ.சி.ஜி. எடுத்து இணையத்தில் அனுப்ப வேண்டும். கோயமுத்தூரில் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஊசி.

பார்த்தேன். மழையில் ஃபைபர் விழுகிறது, எழுகிறது, விழுகிறது. ஒவ்வொரு முறையும் ரவுட்டர்கள் நாற்பது நொடி காத்திருந்து டவருக்கு மாறி, மறுபடி திரும்பி வருகின்றன. மற்றவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், ஆஸ்பத்திரிக்கு அது ஆகாது. அதனால் ஆஸ்பத்திரிக்கு மட்டும் டவர் வழியாகவே போகும்படி கையால் ஒரு வரி எழுதினேன். உடனே தடங்கலில்லாமல் ஓடியது. அங்கிருக்கும் டாக்டரம்மாவே போன் செய்து நன்றி சொன்னார்.

இப்படிக் கையால் எதையாவது மாற்றினால் பதிவேட்டில் எழுத வேண்டும். யார், எப்போது, ஏன், எப்போது எடுக்க வேண்டும் என்று நான்கு கட்டம். அந்தச் சட்டம் போட்டதே நான்தான். எழுதாதவர்களை நான் பேசும் பேச்சை முதலாளியே நின்று கேட்டுவிட்டுப் போவார். ஆனால் ஐந்தே முக்காலுக்கு வாசலில் மயில்சாமி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். ஆடி பிறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று அவர் பங்காளி வீட்டில் அவசரக் கல்யாணம். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம். மழை நின்றால் நாளைக்கே வரியை எடுத்தும் விடலாம்.

வரவேற்பில் நீலப் பட்டு கட்டியிருந்தேன். நன்றாக இருக்கிறது என்று மூன்று பேர் சொன்னார்கள்.

ஜூலை 6, வியாழன்

வயிறு சரியில்லை. கல்யாணச் சாப்பாடு. விடுப்பு.

ஜூலை 8, சனி

இருதயராஜ் அண்ணன் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். ஃபைபரை ஒட்டுகிற வேலை அவருடையது. தலைமுடி கனமே உள்ள கண்ணாடி இழை இரண்டை முனைக்கு முனை வைத்து உருக்கி ஒன்றாக்க வேண்டும். காற்றில், மழையில், ரோட்டோரத்தில் குடையைக் கட்டிக்கொண்டு அதைச் செய்வார். செய்து முடித்தவுடன் ஒளி அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, வழியில் போகிறவர்களுக்கெல்லாம் அந்த எண்ணைக் காட்டுவார். அவர்களுக்கு ஒன்றும் புரியாது. அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

"நம்ம ஜாயின்ட்ல வெளிச்சம் ஒழுகாது மேடம்" என்று இன்றும் பீற்றிக்கொண்டார்.

அவர் மனைவி ஸ்டெல்லாவுக்கு எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் வேலை. எனக்கென்று ஒரு பை தேயிலைத்தூள் கொடுத்தனுப்பியிருந்தாள். இரண்டு முறை பார்த்திருக்கிறேன், சத்தமாகச் சிரிப்பாள். மகள் ரெஜினா கோயமுத்தூரில் நர்ஸிங் இரண்டாம் வருடம். "அவ நர்ஸாகி வந்துட்டா எங்க வீட்ல யாருக்கும் சாவே கெடையாதுன்னு அவங்கம்மா சொல்லிட்டுத் திரியிறா" என்றார்.

தேயிலை நல்ல திடம். அத்தை இரண்டாவது டம்ளர் கேட்டார்.

ஜூலை 10, திங்கள்

ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து ஃபைபர் அறுந்துவிட்டது. எல்லாரும் தாமாக டவர் வழிக்கு மாறிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்காரர்களுக்கு அறுந்ததே தெரியாது. இந்த மாதிரி நாட்களில் எனக்கு என் தொழில்மேல் கர்வமாக இருக்கும்.

ரேஷன் அரிசி வாங்கவில்லை. நாளைக்கு.

ஜூலை 12, புதன்

காலை 11.10க்கு ஒன்பதாவது வளைவிலிருந்து இருதயராஜ் அண்ணன் கூப்பிட்டார். "முடிஞ்சிருச்சு மேடம், பாருங்க." பார்த்தேன். ஃபைபர் எழுந்திருந்தது. ஒரு நிமிடத்துக்குள் எஸ்டேட் அலுவலகங்களும் பள்ளிக்கூடமும் தாமாக அதற்குத் திரும்பின. "சூப்பருங்ண்ணா" என்றேன். "மிச்ச கேபிளையும் கம்பத்துல ஏத்திக் கட்டிட்டு மெதுவா மேல ஏறுறேன்" என்றார்.

பதினொன்றரைக்கு மலையில் மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. செல்போன் சிக்னலும் இல்லை. பாதி வழியில் இருக்கும் எங்கள் டவரும் நின்றது. எல்லாரும்தான் ஃபைபருக்கு வந்துவிட்டார்களே என்று சாப்பிட உட்கார்ந்தேன்.

12.50க்கு ஆஸ்பத்திரி லைன் இல்லை என்று கவனித்தேன். இரண்டு நொடி வேலை. சரி செய்தேன்.

மாலை ஆஸ்பத்திரியிலிருந்து காரணம் கேட்டு மெயில் வந்தது. வழக்கமாக எழுதும் வாக்கியத்தை எழுதி அனுப்பினேன்: "ஒன்பதாவது வளைவில் புதிதாகச் செய்த ஃபைபர் இணைப்பில் மழையால் ஏற்ற இறக்கம்." எங்கள் தொழிலில் எல்லாப் பழியும் ஃபைபருக்குத்தான் போகும். அது திரும்பப் பேசாது.

கேஸ் சிலிண்டர் வந்தது. ரேஷன் வாங்கியாயிற்று.

ஜூலை 13, வியாழன்

காலையில் முதலாளி வெள்ளியங்கிரி சார் போன். "பூங்கோதை, நம்ம இருதயராஜ் சம்சாரம் தவறிட்டாங்கம்மா. நேத்து மத்தியானம். நெஞ்சு வலியாம். கீழ கொண்டு வர்றப்ப வழியிலயே முடிஞ்சிருச்சு."

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். செத்த வீட்டைப் பற்றி யாரும் முதலில் கேட்கிற கேள்வி இல்லை அது.

ஜூலை 14, வெள்ளி

அடக்கத்துக்குப் போய் வந்தேன். கல்லறைத் தோட்டத்தில் மழைச் சேற்றில் செருப்பு புதைந்துவிட்டது. காப்பகத்துக் குழந்தைகள் வரிசையாக வந்து பூப் போட்டார்கள். ஒரு சின்னப் பெண் ஸ்டெல்லாவை எழுப்பச் சொல்லி அழுதாள்.

ஆஸ்பத்திரி நர்ஸ் என் பக்கத்தில் நின்றிருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். "பதினொன்னு நாப்பதுக்கு நடந்தே வந்தாங்க மேடம். ஈ.சி.ஜி. எடுத்தாச்சு, ஜெனரேட்டர் ஓடுது, கம்ப்யூட்டர் ஓடுது, லைன் மட்டும் போகல. போனும் கெடையாது. இந்தா வந்துரும், இந்தா வந்துரும்னு உக்காந்திருந்தோம். எப்பவும் ஒரு நிமிசத்துல வந்துருமே. பன்னெண்டரைக்கு டாக்டரம்மா, இனிமே பொறுக்க வேணாம், கீழ எறக்கிருங்கன்னுட்டாங்க."

இருதயராஜ் அண்ணன் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை குளிர்ந்திருந்தது. "ஒம்பதாவது வளைவுல நான் ஏணிய மடக்கிட்டு நிக்கிறேன் மேடம். ஆம்புலன்ஸ் ஹாரன் அடிச்சுட்டு வந்துச்சு. ரோட்டுல கெடந்த கேபிள இழுத்துக்கிட்டு ஓரமா ஒதுங்கி வழி விட்டேன். யாரோ பாவம்னு சிலுவ போட்டேன். உள்ள இவ இருந்துருக்கா."

ரெஜினா குழியின் ஓரத்தில் அம்மாவின் குடையை மடக்காமல் பிடித்தபடி நின்றாள்.

ஜூலை 15, சனி

அந்த வரியைப் பற்றி இங்கே எழுத வேண்டாம் என்று இருந்தேன். யாரும் படிக்காத நோட்டில்கூட எழுத முடியாதென்றால் என்ன ஜென்மம் நான்.

நான் எழுதிய வரியை நான் எடுக்கவில்லை. ஆறாம் தேதி விடுப்பு. பதிவேட்டில் எழுதாததால் ஏழாம் தேதி நினைவில்லை. பத்தாம் தேதி எல்லாருமே டவரில் போனதால் ஆஸ்பத்திரி தனியாகத் தெரியவில்லை. பன்னிரண்டாம் தேதி இருதயராஜ் அண்ணன் ஃபைபரை ஒட்டியதும் மற்ற எல்லாரும் தாமாகத் திரும்பினார்கள். ஆஸ்பத்திரிக்கு மட்டும் என் எழுத்து இருந்தது. ஃபைபர் நன்றாக இருக்கிறது என்று பக்கத்து ரவுட்டர் பத்து நொடிக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டேதான் இருந்தது. நான் வேறு மாதிரி எழுதியிருந்ததால் எங்கள் ரவுட்டர் அதைக் கேட்கவில்லை. அலுவலகத்திலிருந்து முதல் டவர் வரை போகும் கேபிளில் உயிர் இருந்தது, எங்கள் ரவுட்டருக்குத் தெரிவது அவ்வளவுதான். அதற்கு மேல் கரண்ட் இல்லாமல் எல்லாம் நின்றுவிட்டது. அனுப்பியதெல்லாம் அங்கேயே விழுந்து மறைந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. பதினொன்றரையிலிருந்தே என் திரையில் ஆஸ்பத்திரி சிவப்பாகத்தான் இருந்தது. அங்கேயும் கரண்ட் இல்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டு சாம்பார் சாதம் சாப்பிட்டேன்.

ஒரு மணி இருபது நிமிடம்.

ஜூலை 18, செவ்வாய்

இருதயராஜ் அண்ணன் அலுவலகத்துக்கு வந்தார். சவரம் செய்யவில்லை. கையில் நான் ஆஸ்பத்திரிக்கு எழுதிய தாளின் நகல். ரெஜினா ஆஸ்பத்திரியில் சண்டை போட்டு வாங்கினாளாம்.

"புதிதாகச் செய்த ஃபைபர் இணைப்பில்னு போட்டிருக்கே மேடம். அது என் ஜாயின்ட்தானே?"

நான் அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க சூப்பர்னு சொன்னீங்க. மீட்டர்லயும் நல்லாத்தான் காட்டுச்சு. அப்புறம் எத்தன நிமிசம் கழிச்சுப் போச்சு?"

"பாத்துத்தான் சொல்லணுமுங்ண்ணா."

"பாத்துச் சொல்லுங்க. ரெஜினா பேச மாட்டேங்குது மேடம். ஹாஸ்டலுக்குப் போற அன்னைக்கு இந்தப் பேப்பர எம் முன்னாடி வச்சுட்டு, ஊருக்கெல்லாம் ஒழுகாத ஜாயின்ட் போடுவீங்க, அம்மாவுக்கு மட்டும் இப்படியாப்பான்னுச்சு. அதோட சரி. போன எடுக்கறதில்ல."

'பாத்துச் சொல்றேன்' என்றேன் மறுபடி. பார்க்க என்ன இருக்கிறது? எல்லாம் எனக்கு மனப்பாடம்.

போகும்போது தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். நான்தான் கொடுக்க மறந்துவிட்டேன்.

ஜூலை 20, வியாழன்

காலை 11.10க்கு ஃபைபர் விழுந்தது. 11.22க்கு எழுந்தது. மழை இல்லை.

ஜூலை 21, வெள்ளி

11.10க்கு விழுந்தது. 11.21க்கு எழுந்தது.

ஆடி முதல் வெள்ளி. அத்தையைக் கோவிலுக்குக் கூட்டிப் போனேன். கும்பிடக் கை வரவில்லை. தீபம் காட்டும்போது வேண்டுமென்றே செருப்பு விட்ட வாசல் பக்கம் திரும்பி நின்றேன்.

ஜூலை 24, திங்கள்

வெள்ளியங்கிரி சார் எரிந்து விழுந்தார். "அந்த ஆளு தெனமும் ஒம்பதாவது வளைவுக்குப் போயி, நல்லா இருக்கற ஜாயின்ட்ட வெட்டி வெட்டி மறுபடி ஒட்டறாராமா. சொன்னா கேக்க மாட்டேங்கறாரு. துக்கத்துல இருக்காரு, நான் எப்படிம்மா கண்டிக்கறது? நீ சொல்லு, உன்ற பேச்சுக் கேப்பாரு."

என் பேச்சைக் கேட்பார். அதுதானே நடந்திருக்கிறது. அவர் கையால் ஒட்டி, அவர் கண்ணால் மீட்டரில் பார்த்த எண் ஒரு பக்கம். நான் போகிற போக்கில் எழுதிய ஒரு வாக்கியம் இன்னொரு பக்கம். மனிதர் என் வாக்கியத்தை நம்புகிறார். தினமும் வெட்டி, ஒட்டி, அளந்து பார்த்துவிட்டு, அப்போதும் என்னையே நம்புகிறார்.

நான் சாரிடம் 'சரிங்க சார்' என்றேன்.

திரையில் தினமும் 11.10க்கு அந்தக் கோடு சிவப்பாகிறது. ரவுட்டர்கள் நாற்பது நொடி பொறுத்து டவருக்கு மாறுகின்றன, பிறகு திரும்பி வருகின்றன. வாடிக்கையாளர் யாரும் புகார் சொல்வதில்லை. அந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிடமும் நான் மட்டும் திரையின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், மலையில் ஓர் ஆள் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்தபடி.

ஜூலை 27, வியாழன்

ரவுட்டரில் பழைய பதிவுகள் முப்பது நாள்தான் இருக்கும். அதன் பிறகு தாமாக அழிந்துவிடும். பன்னிரண்டாம் தேதி நடந்தது ஆகஸ்ட் பதினொன்றில் போய்விடும். இதை எதற்காக எண்ணிப் பார்த்தேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அத்தைக்கு மூட்டு வலித் தைலம் வாங்க வேண்டும்.

ஜூலை 29, சனி

இன்று மயில்சாமியிடம் சொல்லிவிட்டேன். கயிறு ஆலையிலிருந்து வந்து, சட்டையில் ஒட்டிய தேங்காய் நாரைப் பின்கட்டில் தட்டிக்கொண்டிருந்தார். வரி, பதிவேடு, ஹாரன் எல்லாம் சொன்னேன். நீங்கள் ஹாரன் அடித்ததால்தான் என்கிற மாதிரியும் ஒரு வார்த்தை வந்துவிட்டது. அவர் அதற்குக் கோபப்படவில்லை.

"எங்கிட்டச் சொல்லி என்ன பண்றது பூங்கோத?" என்றார். "சொல்ல வேண்டிய ஆளு மல மேல இருக்காரு."

"வேல போயிரும்."

"போகட்டும்."

"கேஸ் போடுவாங்க."

"போட்டா நடப்போம்." கடைசி நாரையும் தட்டிவிட்டு, "அந்தப் புள்ள அப்பங்கூடப் பேசறதில்லைன்னு சொன்னியே, அதத்தான் என்னால தாங்க முடியல" என்றார். சட்டையை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

நான் அழுதேன். பதினேழு நாளாக வராத அழுகை. அதில்கூட எனக்காக அழுததுதான் அதிகம்.

ஆகஸ்ட் 2, புதன்

திருத்திய அறிக்கையை ஆஸ்பத்திரிக்கும் வெள்ளியங்கிரி சாருக்கும் அனுப்பினேன். ரவுட்டர் பதிவுகளையும் சேர்த்தே அனுப்பினேன். இனி அவை தாமாக அழிந்தாலும் பரவாயில்லை.

சார் கதவைச் சாத்திவிட்டுக் கத்தினார். "மழைன்னு எழுதியாச்சு, முடிஞ்சுது. யாராவது உன்னக் கேட்டாங்களா? எதுக்கும்மா நீயாப் போயித் தலையக் குடுக்கற?" பிறகு குரல் இறங்கிவிட்டது. "எம் மொகத்துலயே கொஞ்ச நாளைக்கு முழிக்காத, போ."

மேசையிலிருந்து என் டம்ளரையும் ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டு வந்தேன். பதிவேட்டைத் திறந்து, ஜூலை 5 என்று போட்டு, நான்கு கட்டத்தையும் நிரப்பிவிட்டுத்தான் வந்தேன். 'எப்போது எடுக்க வேண்டும்' என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. 'ஜூலை 6' என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 5, சனி

காலை வால்பாறை பஸ் பிடித்தேன். ஒன்பதாவது வளைவில் இறக்கிவிடச் சொன்னதும் கண்டக்டர், "போட்டோ எடுக்கறதுக்குங்களா? மேகம் மூடியிருக்கு, கீழ இருக்கற டேம் தெரியாதுங்க" என்றார்.

இருதயராஜ் அண்ணன் கம்பத்தடியில் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். குடையைக் கம்பத்தில் கட்டி, கேபிள் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். மணி பத்தே முக்கால். "இன்னும் நேரம் இருக்கு மேடம்" என்றார், நான் அதைப் பார்க்கத்தான் வந்தவள் மாதிரி.

"அண்ணா, உங்க ஜாயின்ட் நல்லா இருக்குங்க. அன்னைக்கும் நல்லா இருந்துச்சுங்க."

"மீட்டரும் அதத்தான் சொல்லுது. அப்ப பேப்பர்ல ஏன் அப்படி எழுதுனீங்க?"

"அது பொய்ங்ண்ணா."

சொன்னேன். கையால் எழுதிய வரி, எடுக்காமல் விட்டது, டவர் நின்றது, சிவப்பாக இருந்தும் நான் கண்டுகொள்ளாமல் விட்டது எல்லாம். அவர் இந்தத் தொழிலில் இருபது வருடம் இருக்கிறவர். எதையும் இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நான் போன் பண்ணப்ப ஃபைபர்ல வழி இருந்துச்சா?"

"இருந்துச்சுங்ண்ணா."

"அவ ஆஸ்பத்திரிக்கு நடந்து போனது பதினொன்னு நாப்பது."

"அப்பவும் இருந்துச்சுங்க."

"ஏத்தி அனுப்புனப்ப?"

"அப்பவும்."

ஒரு லாரி ஹாரன் அடித்து வளைந்து போனது.

"ஊசி போட்டிருந்தாப் பொழச்சிருப்பாளா?"

"டாக்டருங்கதான் சொல்லணும்..."

"உங்களக் கேக்குறேன்."

"பொழச்சிருக்கலாமுங்ண்ணா."

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் கேபிள் பெட்டியை மூடினார். அதன் ஆறு திருகாணியையும் ஒவ்வொன்றாக முறுக்கத் தொடங்கினார். ஆறாவது ஆணி கை நழுவிப் புல்லில் விழுந்தது. குனிந்து தேடிக்கொண்டே இருந்தார். நானும் குனிந்து தேடினேன். "நீங்க விடுங்க" என்றார். நான் தள்ளி நின்றேன். ஆணியைக் கண்டெடுத்து முறுக்கி முடித்தபோது மணி பதினொன்றேகால். அவர் வாட்சைப் பார்க்கவில்லை.

திருத்திய அறிக்கையின் நகலை நீட்டினேன். வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது ஆபீஸ் பேப்பர். ரெஜினாவுக்கு ஒண்ணும் வெளங்காது. அவளுக்குப் புரியற மாதிரி கையால எழுதிக் குடுங்க. உங்க பேரு போட்டு."

இந்த நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ரோட்டோரக் கைப்பிடிச் சுவரில் வைத்து எழுதினேன். தூறல் விழத் தொடங்கியது. அவர் குடையை அவிழ்த்து வந்து தாளுக்குமேல் பிடித்தார். என்மேல் பிடிக்கவில்லை.

'ரெஜினா, உன் அப்பா செய்த இணைப்பு அன்று காலை 11.10க்குச் சரியாக இருந்தது. உன் அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தபோதும் சரியாக இருந்தது. இன்றும் சரியாக இருக்கிறது. ஆஸ்பத்திரியின் லைனை வேறு வழியில் கட்டிப்போட்டது நான். அவிழ்க்க மறந்ததும் நான். பிறகு பழியை உன் அப்பாவின் வேலைமேல் போட்டு எழுதியதும் நான். அவர்மேல் ஒரு தவறும் இல்லை. இவ்வளவு நாள் இதைச் சொல்லாமல் இருந்ததற்கு என்னை மன்னித்துவிடு. பூங்கோதை.'

அவர் தாளை வாங்கி உதடு அசைய ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். படித்துவிட்டுக் கட்டை விரலை என் பெயருக்கு மேல் இருந்த வரியில் வைத்தார்.

"இத எடுத்துருங்க."

"அது மன்னிப்புக் கேட்டதுங்ண்ணா."

"தெரியுது. அது உங்களுக்கு வேண்டியது. எம் புள்ளைக்கு அதுக்கு மேல எழுதியிருக்கறது போதும்."

நான் அந்த வரியை அடித்தேன். அவர் தாளை வாங்கி, கீழே என் பெயர் மழையில் கலையாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.